வித்து ஒன்று, நிலம் பல!

திருச்சியிலிருந்து கொள்ளிடத்தைக் கடந்து லால்குடி வட்டத்திற்குள் நுழைபவர், தெற்கிலிருந்து வடக்காக ஒரு பகற்பொழுது சென்றால் இரு வேறு உலகங்களைக் காண்பார். தெற்கே வண்டல் மண், வாய்க்கால் நீர், நெல்லும் வாழையும் நெருங்கி நிற்கும் மருதம். வடக்கே, புள்ளம்பாடியைத் தாண்டி, கல்லக்குடி, ஊட்டத்தூர்ப் பக்கம் போனால் கரிசல். அதன் கீழே சுண்ணாம்புக் கல். அந்தக் கல்லுக்குள்ளே, கோடிக்கணக்கான ஆண்டுகட்கு முன் அங்கே அலையடித்த கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகள்! ஒரே மூட்டையிலிருந்து எடுத்த விதைநெல்லை இரண்டு இடத்திலும் தெளித்துவிட்டு, ஒரே விளைச்சலை எதிர்பார்க்கும் உழவன் லால்குடியில் இல்லை, எங்குமே இல்லை.

நிலத்தைப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் உரிய மரமும் மாவும் பறவையும் பறையும் தொழிலும் இவையெனக் கண்ட தொல்காப்பியம் நம் மொழியில் உண்டு. வித்து எதுவாயினும் நிலம் தன் முத்திரையை அதன்மேல் பதித்தே தீரும் என்பது நமக்குப் புதிய பாடமன்று.

ஆனால், இந்த எளிய பாடத்தைப் புற்றுநோய் ஆராய்ச்சியிலே கொண்டுவந்து நிறுத்த மனித இனத்துக்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. அந்த வரலாற்றைத்தான் இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம். மருத்துவர்களுக்கு மட்டும் உரிய செய்திதானே என்று இதை ஒதுக்கிவிட வேண்டாம். 'பரவிவிட்டது' என்ற ஒரு சொல்லைக் கேட்டதும் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? அதுவரை மருத்துவமனை வாயிலில் நின்ற குடும்பம் கோயில் வாயிலுக்கு ஓடுகிறது. மஞ்சள் துணியில் காசு முடிகிறது. 'தலையெழுத்து' என்று கூறித் தலையில் கைவைத்து உட்காருகிறது. பரவல் என்பது தலையெழுத்தா? அல்லது, காரண காரியத்துக்குக் கட்டுப்பட்ட நிகழ்ச்சியா? கேள்வி இதுதான். வரலாறு இதற்கு விடை தந்திருக்கிறது.

நோயின் பெயரையே பாருங்கள். கறையான் புற்று எழுவதுபோல் உடலில் புடைத்தெழுவதைக் கண்டு நாம் 'புற்று' என்றோம். கட்டியைச் சுற்றிப் புடைத்த இரத்தக் குழாய்கள் நண்டின் கால்களாகத் தோன்றியதால் கிரேக்கர் 'நண்டு' என்றனர். பெயர் வைத்ததிலே இரு சாராருக்கும் கண் கூர்மை இருந்தது. காரணம் சொன்னதிலேதான் கண் மூடிக்கொண்டது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் உரோமாபுரியில் புகழுடன் வாழ்ந்த கேலன் என்ற மருத்துவர், உடலில் நான்கு நீர்கள் உண்டு, அவற்றுள் கறுப்புப் பித்தம் மிகுந்து தேங்கினால் புற்று தோன்றும் என்றார். பித்தம் உடலெங்கும் ஓடுவது. எனவே ஓரிடத்துக் கட்டியை அறுத்தாலும் வேறிடத்தில் முளைக்கும் என்பது அவர் வழி வந்தோரின் முடிவு. கேலன் சொன்னார், ஆகவே உண்மை! ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஐரோப்பிய மருத்துவம் இந்த ஒரு வரியிலே கட்டுண்டு கிடந்தது. பிற்காலத்தில் உடலை அறுத்துப் பார்க்கும் துணிவு பெற்றவர்கள் தேடினார்கள். நரம்பைக் கண்டார்கள், நாளத்தைக் கண்டார்கள், கறுப்புப் பித்தத்தை மட்டும் காணவில்லை.

அங்கே பித்தம், இங்கே பிறவி! முற்பிறப்பில் செய்த வினை இப்பிறப்பில் புற்றாக வந்தது என்று இங்கே கூறினார்கள். இன்றும் கூறுவோர் உண்டு. புற்றுக்குப் பால் வார்க்கும் நாட்டில் புற்றுநோய்க்குப் பரிகாரம் சொல்பவர்களுக்கா பஞ்சம்? இரண்டு விளக்கங்களும் மேலோட்டத்தில் வேறானவை, உள்ளீட்டில் ஒன்றே. இரண்டுமே கேள்வியை முடித்துவிடுகின்றன. ஏன் இந்த உறுப்பில் வந்தது, ஏன் அந்த உறுப்பில் வரவில்லை என்று கேட்க வழியில்லை. வினை என்று சொன்ன பிறகு விவரம் எதற்கு?

கேள்வி மீண்டும் பிறந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். 1829இல் பிரெஞ்சு மருத்துவர் ரெக்காமியே, ஓர் உறுப்பில் தோன்றிய புற்று வேறோர் உறுப்பில் தலைகாட்டுவதற்கு 'மெட்டாஸ்டாசிஸ்' என்று பெயரிட்டார். இடம்பெயர்தல் என்று பொருள். செர்மானிய அறிஞர் விர்ச்சோவ், உயிரணுவிலிருந்தே உயிரணு பிறக்கிறது என்ற கோட்பாட்டை விரித்து 1858இல் நூல் எழுதினார். பித்தம் போயிற்று, உயிரணு வந்தது. நோய் என்பது உடலுக்குள் புகுந்த பேயன்று, உடலின் உயிரணுக்களே நெறிபிறழ்ந்து பெருகும் நிலை என்ற தெளிவு பிறந்தது.

பிறகு வந்தது 1889. திருச்சிராப்பள்ளிச் சுருட்டு இலண்டன் மாநகரத்து விடுதிகளிலே புகைந்துகொண்டிருந்த காலம் அது. அந்த இலண்டனில் ஸ்டீபன் பேஜட் என்ற அறுவை மருத்துவர், 'லான்செட்' மருத்துவ ஏட்டில் ஒரு கட்டுரை எழுதினார். அவர் புதிய கருவி எதையும் கண்டுபிடிக்கவில்லை. எண்ணினார், அவ்வளவுதான்! மார்பகப் புற்றினால் இறந்த 735 பெண்களைப் பற்றிய குறிப்புகளைத் திரட்டி, எந்தெந்த உறுப்பில் கிளைக்கட்டி இருந்தது என்று எண்ணிப் பார்த்தார். கல்லீரலில் 241 பேருக்கு இருந்தது. மண்ணீரலில் 17 பேருக்கு மட்டுமே!

நம் மொழியில் இந்தக் கணக்கைச் சொல்லும்போது ஒரு வியப்பு தோன்றுகிறது. மண் என்று பெயர் கொண்ட ஈரலில் வித்து முளைக்கவில்லை. கல் என்று பெயர் கொண்ட ஈரலில் முளைத்துத் தழைத்திருக்கிறது! பெயரை நம்பினால் ஏமாந்துபோவோம்; எண்ணிப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

இதயத்திலிருந்து புறப்படும் குருதி கல்லீரலுக்கும் போகிறது, மண்ணீரலுக்கும் போகிறது. மண்ணீரலுக்குச் செல்லும் நாளம் சிறியதும் அன்று. புற்றணுக்கள் குருதியில் மிதந்து எங்கே ஒதுங்கினாலும் முளைக்கும் என்றால், இவ்வளவு பெரிய வேற்றுமை ஏன்? அதற்கு ஏழாண்டுகட்கு முன்பே, 1882இல், ஆஸ்திரியக் கண் மருத்துவர் எர்ன்ஸ்ட் ஃபுக்ஸ், கண்ணில் தோன்றும் புற்று சில உறுப்புகளையே நாடுவதைக் கண்டு, உறுப்புகளுக்கு ஏற்கும் தன்மை, ஏற்காத் தன்மை என்று இருக்கலாம் எனக் கூறியிருந்தார். பேஜட் அதை மேலும் தெளிவாக்கினார்: செடி முற்றினால் வித்து எல்லாத் திசையிலும் சிதறும், ஆனால் தனக்கு ஏற்ற நிலத்தில்தான் முளைத்து வளரும். எல்லாரும் வித்தையே ஆராய்கிறார்கள், நிலத்தையும் ஆராய வேண்டும் என்பது அவர் வேண்டுகோள்.

வேண்டுகோள் செவியில் ஏறியதா? இல்லை! ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் அது ஏட்டிலே உறங்கிற்று. இதற்கு ஒரு காரணம், எதிர்க்கட்சியில் நின்றவர் எளியவர் அல்லர். அமெரிக்க நோய்க்கூற்று அறிஞர் ஜேம்ஸ் யூயிங், நியூயார்க் மெமோரியல் மருத்துவமனையின் தலைவராக விளங்கியவர், 1928இல் வெளிவந்த தம் நூற்பதிப்பில் இதற்கு வேறு விளக்கம் தந்தார். வாய்க்கால் எங்கே போகிறதோ அங்கே நீர் போகும்; நீர் எங்கே போகிறதோ அதில் மிதப்பது அங்கே போகும். குருதியும் நிணநீரும் ஓடும் வழியே புற்று பரவுகிறது. நிலத்தின் தன்மை என்று தனியே ஒன்று தேவையில்லை என்பது அவர் வாதம்.

அவர் சொன்னதில் உண்மையே இல்லை என்று கூறிவிட முடியாது. பெருங்குடலில் தோன்றும் புற்று பெரும்பாலும் கல்லீரலில் கிளைக்கிறது. ஏனெனில் குடலின் குருதி முதலில் கல்லீரலுக்குத்தான் செல்கிறது. பகுத்தறிவு பேசுவோர் எதிர்வாதத்தின் வலிமையை மறைக்கக் கூடாது. ஆனால் யூயிங்கின் விளக்கத்துக்கு அடங்காத செய்திகளும் இருந்தன. நம் தசைகளுக்குக் குருதி குறைவாகவா செல்கிறது? அங்கே கிளைக்கட்டி அரிதிலும் அரிது. ஏன்? வாய்க்கால் இருக்கிறது, நீர் பாய்கிறது, வித்து வருகிறது, பயிர் இல்லை! நிலம் பேசியாக வேண்டிய இடம் அதுவல்லவா?

வாதம் வாதமாகவே இருந்தால் வெற்றி குரல்வளம் உள்ளவர்க்கே. அறிவியலிலே தீர்ப்புச் சொல்வது சோதனை. அந்தச் சோதனையை மேற்கொண்டவர் ஐசையா ஃபிட்லர். 1970இல் அவர், கதிரியக்க அடையாளமிட்ட புற்றணுக்களை எலியின் குருதியில் செலுத்திக் கணக்கெடுத்தார். ஒரு நாள் கழிவதற்குள் அவற்றில் மிகப் பெரும்பாலானவை மாண்டன. ஆயிரத்தில் ஒன்றுகூடப் பிழைத்துக் கட்டியாகவில்லை. ஓடிச் சேர்வது வேறு; ஊன்றி வாழ்வது வேறு என்பது புலனாயிற்று. 1973இல், நுரையீரலில் முளைத்த கட்டியிலிருந்து அணுக்களை எடுத்து வளர்த்து மீண்டும் செலுத்தி, இப்படிப் பன்முறை செய்து, நுரையீரலில் எளிதாக வேரூன்றும் ஒரு வகையைப் பிரித்தெடுத்தார். விதைநெல் பொறுக்குவதுபோல! வித்துக்குள்ளேயே வகை உண்டு என்பதை இது காட்டிற்று.

நிலத்தின் பங்கை எப்படிக் காட்டுவது? 1980இல் ஃபிட்லரும் அவருடைய துணைவர் ஹார்ட்டும் ஒரு நுட்பமான வழி கண்டனர். எலியின் தொடைத் தசைக்குள் நுரையீரல் துண்டையும், சினைப்பைத் துண்டையும், சிறுநீரகத் துண்டையும் ஒட்டவைத்தனர். இடம் ஒன்றே, வாய்க்காலும் ஒன்றே, மண் மட்டும் வேறு. பிறகு புற்றணுக்களைக் குருதியில் விட்டனர். ஒட்டிய நுரையீரலில் புற்று முளைத்தது, சினைப்பையில் முளைத்தது, சிறுநீரகத்தில் முளைக்கவில்லை! 1984இல் பிரிட்டனில் டேவிட் டாரினும் குழுவினரும் மனிதரிடமே இதற்குச் சான்று கண்டனர். சினைப்பைப் புற்றினால் வயிற்றில் நீர் கோத்து வருந்திய பெண்களுக்கு, துன்பம் தணிக்க, அந்த நீரைக் குழாய் வழியே குருதிக்குள் திருப்பிவிடும் சிகிச்சை அன்று இருந்தது. நீரோடு கணக்கற்ற புற்றணுக்களும் குருதியில் கலந்தன. யூயிங் கணக்குப்படி நுரையீரல் முழுவதும் கட்டிகள் முளைத்திருக்க வேண்டும். பலருக்கு அப்படி முளைக்கவே இல்லை! நூறாண்டுக்கு முன் எண்ணிப் பார்த்தவரின் கணக்கு வென்றது.

இந்த இடத்தில் தமிழ்நாட்டு வரலாறும் நியூயார்க் மருத்துவமனையும் சந்திக்கின்றன. 1968ஆம் ஆண்டு செப்டம்பரில், உணவுக்குழாய்ப் புற்றினால் நலிவுற்ற முதலமைச்சர் அறிஞர் அண்ணா, அறுவைச் சிகிச்சை பெற்றது யூயிங் தலைமை வகித்த அதே மெமோரியல் மருத்துவமனையில்தான். திரும்பி வந்தவர், 1969 பிப்ரவரி 3ஆம் நாள் அடையாறு புற்றுநோய் நிலையத்தில் மறைந்தார். தமிழகம் கதறியது. அன்று உலகத்தின் தலைசிறந்த மருத்துவர்கள் கையில் இருந்தவை கத்தியும் கதிரும் சில மருந்துகளும் மட்டுமே. நிலம் என்ன சொல்கிறது, வித்து என்ன கேட்கிறது என்று அறியும் கருவி அன்றைக்கு உலகில் எவரிடமும் இல்லை.

முப்பத்துநான்கு ஆண்டுகள் கழித்து, அந்தக் கருவியோடு ஆராய்ச்சி நடந்ததும் அதே நிறுவனத்தில்தான். அதைச் சொல்வதற்கு முன், 'மரபணு வெளிப்பாடு' என்ற சொல்லை விளக்கிவிடுவோம்.

நம் உடலிலுள்ள அணுக்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே மரபணுத் தொகுதிதான் இருக்கிறது. புரதம் செய்வதற்கான மரபணுக்கள் சுமார் 20,000. கண்ணிலும் அவையே; கல்லீரலிலும் அவையே. அப்படியானால் கண் ஏன் பித்தநீர் சுரக்கவில்லை, கல்லீரல் ஏன் பார்க்கவில்லை? ஊர்தோறும் படிப்பகம் இருக்கிறது. எல்லாப் படிப்பகத்திலும் ஒரே இருபதினாயிரம் நூல்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஓர் ஊரில் சில நூல்கள் நாள்தோறும் திறக்கப்படுகின்றன. மற்றோர் ஊரில் அவை தூசி படிந்து கிடக்கின்றன, வேறு சில நூல்கள் கைபட்டுக் கிழிகின்றன. எந்த மரபணு எந்த அணுவில் எவ்வளவு 'படிக்கப்படுகிறது' என்பதே மரபணு வெளிப்பாடு. படிக்கப்படும் மரபணுவிலிருந்து ஆர்.என்.ஏ. என்னும் செய்தித்தாள் புறப்படுகிறது. அந்தச் செய்தியைக் கொண்டு புரதம் உருவாகிறது. 1995க்குப் பின், ஆயிரக்கணக்கான மரபணுக்களின் செய்தியை ஒரே நேரத்தில் அளக்கும் சில்லுகள் வந்தன. உறுப்புக்கு உறுப்பு புற்றணு எந்த நூலைப் படிக்கிறது என்று பார்க்க வழி பிறந்தது.

நியூயார்க்கில் ஜோன் மசாகே என்பாரின் ஆய்வுக்கூடத்தில், ஒரே ஒரு பெண்ணின் மார்பகப் புற்றிலிருந்து வளர்ந்த அணுக்குலத்தை எடுத்துக்கொண்டனர். எலிகளில் செலுத்தி, எலும்பை நாடிச் சென்றவற்றையும், நுரையீரலை நாடிச் சென்றவற்றையும், மூளையில் ஊன்றியவற்றையும் தனித்தனியே பிரித்து, ஒவ்வொன்றும் எந்த மரபணுக்களை வெளிப்படுத்துகிறது என்று அளந்தனர். எலும்பு பற்றிய முடிவு 2003இல் வந்தது. நுரையீரல் பற்றியது 2005இல். மூளை பற்றியது 2009இல். மூன்று இடத்துக்கும் மூன்று பட்டியல்! எலும்பில் ஊன்றியவை, எலும்பை அரிக்கத் தூண்டும் மரபணுக்களை மிகுதியாகப் படித்தன. நுரையீரலுக்குரிய பட்டியல் பெரும்பாலும் வேறாக இருந்தது. மூளைக்குச் சென்றவையோ, வழக்கமாக மூளையில் மட்டுமே வெளிப்படும் ஒரு நொதியின் மரபணுவைத் திறந்து, அதன் துணையால் மூளையின் காவற்சுவரைக் கடந்து சென்றன. ஊருக்குள் நுழைய ஊர்மொழி பேசும் திருடனைப் போல!

இது தனி ஒரு விந்தையன்று. ஆண்களின் புராஸ்டேட் சுரப்பியில் தோன்றும் புற்று எலும்பை நாடுவது. எலும்புக்குச் சென்ற அந்த அணுக்கள், எலும்பணுக்களுக்கே உரிய புரதங்களைத் தாமும் உண்டாக்கி, எலும்பணுபோல் நடிக்கின்றன என்பதை லீலண்ட் சங் முதலிய அறிஞர்கள் 1999இல் எடுத்துக்காட்டினர்.

இங்கே ஒரு ஐயம் எழ வேண்டும். எழாவிட்டால் நாம் பகுத்தறிவாளர் அல்லர். கல்லீரலில் முளைத்த கட்டியிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து அளந்தால், அதில் கல்லீரலின் நல்ல அணுக்களும் கலந்திருக்குமல்லவா? 'புற்று கல்லீரல் மொழி பேசுகிறது' என்று நாம் மகிழ, உண்மையில் பேசியது பக்கத்து வீட்டுக் கல்லீரலாகவே இருந்தால்? இந்த ஐயம் ஆராய்ச்சியாளர்களை இன்றும் எச்சரித்துக்கொண்டே இருக்கிறது. 2011இல் ஃபிட்லர் குழுவினர் இதற்கு ஓர் அழகிய தீர்வு கண்டனர். மனிதப் புற்றணுவை எலியின் உறுப்புகளில் வளர்த்தனர். வித்து மனிதனுடையது, நிலம் எலியுடையது. இரண்டின் செய்திகளும் எழுத்தளவில் வேறுபடுவதால், எது வித்தின் குரல், எது நிலத்தின் குரல் என்று பிரித்தறிய முடிந்தது. முடிவு என்ன? மூளையில் வளர்ந்த புற்றணுக்கள் தம் வெளிப்பாட்டையே பெரிதும் மாற்றிக்கொண்டு, நரம்பணுக்களின் சாயலைப் பெற்றிருந்தன. நிலம் வித்தைத் தேர்ந்தெடுப்பதோடு நிற்கவில்லை. தன் வழிக்குத் திருப்பவும் செய்கிறது!

அதற்காக, நிலமே எல்லாம் என்று மறுகோடிக்கு ஓடிவிடவும் கூடாது. மார்பகத்தில் பிறந்து கல்லீரலில் குடியேறிய புற்று, கல்லீரல் புற்றாகிவிடுவதில்லை. அதன் மரபணு வெளிப்பாட்டில் பிறந்த மனையின் அடையாளம் பெரும்பாலும் எஞ்சி நிற்கிறது. அதனால்தான், மூலக்கட்டி எங்கே என்று தெரியாத நோயாளிக்கும், வெளிப்பாட்டை அளந்து அது எங்கிருந்து வந்திருக்கும் என்று கணிக்க முயல்கின்றனர். 2017இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அருள் சின்னையன் தலைமையிலான குழுவினர், பல்வேறு உறுப்புகளுக்குப் பரவிய புற்று கொண்ட 500 நோயாளிகளின் மரபணுவையும் வெளிப்பாட்டையும் ஒருங்கே ஆராய்ந்து வெளியிட்டனர். பிறந்த இடம், சென்ற இடம், அங்கே உடலின் காவற்படை நின்ற நிலை — இவை அனைத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் நோயின் முழு உருவம் தெரியும் என்ற நெறியில் நடந்த பெரும்பணி அது.

இதனால் நோயாளிக்கு ஆவதென்ன? ஏட்டுச் சுரைக்காய்தானா? இல்லை. மார்பகப் புற்றில், பெண்மைச் சுரப்பு நீரை ஏற்கும் புரதம் இருக்கிறதா, ஹெர்-2 என்ற புரதம் மிகுந்திருக்கிறதா என்று பார்த்தே மருந்து முடிவாகிறது. மூலக்கட்டியில் ஒன்று; பல ஆண்டு கழித்துக் கல்லீரலிலோ மூளையிலோ தோன்றிய கிளைக்கட்டியில் வேறொன்று என்று சிலருக்கு மாறிவிடுகிறது. ஆகவே, வாய்ப்புள்ள இடத்தில் கிளைக்கட்டியிலிருந்தும் துணுக்கு எடுத்து மீண்டும் சோதிக்க வேண்டும் என்பது இன்று மருத்துவ நெறி. 'மறுபடியும் ஊசி குத்துகிறார்களே, காசு பறிக்கவா?' என்று நம் மக்கள் ஐயுறுவது இயல்பு. காரணம் கேளுங்கள், கேட்பது உரிமை. ஆனால் காரணம் இருக்கிறது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

எலும்பின் கதை இன்னும் தெளிவானது. எலும்பில் புகுந்த புற்றணு நேரே எலும்பைத் தின்பதில்லை. எலும்பை அரிப்பதற்கென்று உடலிலேயே இருக்கும் அணுக்களைத் தூண்டிவிடுகிறது. அவை அரிக்க, எலும்புக்குள் புதைந்திருந்த வளர்ச்சிப் பொருள்கள் வெளிப்படுகின்றன. அவற்றை உண்டு புற்று கொழுக்கிறது. கொழுத்துப் பின்னும் தூண்டுகிறது. இந்தச் சுழலை அறிந்ததால், சோலெட்ரானிக் அமிலம், டெனோசுமாப் முதலிய மருந்துகள் பயனுக்கு வந்தன. அவை முதன்மையாகத் தாக்குவது புற்றையன்று, எலும்பரிக்கும் அணுக்களை. வித்தை அழிக்காமல் நிலத்தைக் காக்கும் மருந்து! நோயை அவை வேரோடு அறுப்பதில்லை. ஆனால் எலும்பு முறிவையும் அதன் கொடுமையையும் குறைக்கின்றன. 'நிலத்தையும் ஆராயுங்கள்' என்று 1889இல் எழுந்த குரலுக்கு, மருந்துப் புட்டியில் கிடைத்த விடை இது. தலையெழுத்து என்று விட்டிருந்தால் இந்தப் புட்டி பிறந்திருக்குமா?

நம் நாட்டிலும் இந்தக் கேள்வியைக் கேட்கத் துணிந்தவர் இருந்தார். திருச்சிக்குத் தெற்கே புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த முத்துலட்சுமி அம்மையார், இசைக்குலத்துத் தாயின் மகள். பெண் கல்லூரிக்குள் வருவதா என்று முணுமுணுத்தவர்கள் நடுவே கல்லூரி புகுந்தார். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். சட்டமன்றம் சென்று தேவதாசி முறைக்கு எதிராகக் குரல் எழுப்பினார். உடன்பிறந்தாளைப் புற்றுக்குப் பறிகொடுத்த துயரம் அவர் நெஞ்சில் நின்றது. புற்று வந்தவர் எப்படியும் சாகிறவர்தாமே, அவர்க்கென்று ஒரு மருத்துவமனையா என்று கருதியவர்கள் நிறைந்திருந்த காலம். அந்தக் காலத்தில், 1954 சூன் 18ஆம் நாள், 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் நிலையம் தொடங்கிற்று. அவர் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955 முதல் 2021இல் மறையும்வரை அங்கேயே உழைத்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தனர்.

வித்து சிதறுவதற்கு முன்பே கண்டுவிட்டால் எத்தனை துயரம் தவிர்க்கப்படும் என்பதற்கும் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. திண்டுக்கல் மாவட்டத்தில், அம்பிளிக்கை மருத்துவ மையத்தை நடுவாகக் கொண்டு, 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்குக் கருப்பைவாய்ச் சோதனை செய்தனர். விலையுயர்ந்த கருவி இல்லை. அசிட்டிக் அமிலக் கரைசலைத் தடவிக் கண்ணால் பார்ப்பது. பார்ப்பவர் பயிற்சி பெற்ற செவிலியர். 2007இல் முடிவு வெளிவந்தது. சோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் கருப்பைவாய்ப் புற்று நூற்றுக்கு 25 பங்கும், அதனால் நேரும் சாவு நூற்றுக்கு 35 பங்கும் குறைந்திருந்தன. வேப்பிலை சாதிக்காததைச் செவிலியர் ஒருவரின் கூர்ந்த பார்வை சாதித்தது.

இறுதியாக ஒன்று. இந்த வரலாற்றைப் படிக்கும் இளைஞர் ஒருவர், 'ஒரே மரபணுவாயினும் இடத்துக்கேற்ப வெளிப்பாடு மாறும் என்றால், பிறப்பால்தான் எல்லாம் என்ற வாதம் தகர்ந்ததே!' என்று துள்ளக்கூடும். பொறுமை வேண்டும். புற்றணுவின் நடத்தையைக் கொண்டு மனித சமுதாயத்துக்குச் சட்டம் எழுத முடியாது. பிறப்பினால் உயர்வு தாழ்வு கற்பிப்பது தவறு என்பதற்கு நமக்கு உயிரணுவின் சான்று தேவையும் இல்லை. மனித அறிவும் மனித நேர்மையும் போதும். ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்லலாம். பிறவியைக் காட்டி வாயடைக்க முனைவோர் இப்போது 'மரபணு' என்ற புதிய சொல்லைக் கையில் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். எல்லாம் மரபணுவில் எழுதியிருக்கிறது என்பது, எல்லாம் தலையில் எழுதியிருக்கிறது என்பதன் மறுபதிப்பு. எழுதியிருப்பது வேறு; படிக்கப்படுவது வேறு; படிக்கப்படுவதோ சூழ்நிலையைப் பொறுத்தது என்பதே அறிவியல் கண்ட உண்மை.

ஆகவே நாம் செய்யத்தக்கவை சில உண்டு. வீட்டில் ஒருவருக்குப் புற்று என்றால் மறைக்காதீர். அது குற்றமும் அன்று, தொட்டால் ஒட்டுவதும் அன்று. மார்பில் கட்டி, வாயில் ஆறாத புண், காரணம் அறியாக் குருதிப்போக்கு — இவற்றைக் கண்டால் நாளும் கோளும் பார்க்காதீர், மருத்துவரைப் பாருங்கள். புகையிலையை விடுங்கள், விடச் சொல்லுங்கள். 'பரவிவிட்டது' என்று மருத்துவர் கூறினால், நொறுங்கி விழாமல் அடுத்த கேள்வியைக் கேளுங்கள்: எங்கிருந்து வந்தது? எங்கே பரவியிருக்கிறது? அங்கே அது என்ன நிலையில் இருக்கிறது? அதற்கு என்ன செய்யலாம்? எல்லாக் கேள்விக்கும் நலமான விடை கிடைக்கும் என்று நாம் பொய் சொல்ல மாட்டோம். பலருக்கு இன்றும் அது உயிர் குடிக்கும் நோய்தான். ஆனால் கேள்வி கேட்டவர்கள்தாம் இதுவரை ஒவ்வோர் அடியாக அதைப் பின்னுக்குத் தள்ளியிருக்கிறார்கள். விதி என்று விலகி நின்றவர்கள் ஓர் அங்குலமும் தள்ளியதில்லை!